தானுந்து வளிப்பதனக் கட்டுப்பாட்டக மின்னிணைப்புகள்

தானுந்து வளிப்பதனக் கட்டுப்பாட்டக மின்னிணைப்புகள் என்பவை, மகிழுந்து முதலிய ஊர்திகளின் உள்ளறை வெப்பநிலை, காற்றின் அளவு, காற்று வரும் திசை ஆகியவற்றை ஆளும் கட்டுப்பாட்டகத்தை மின்கலம், உணரிகள், ஊதுவிசிறி, மடல் மின்னோடிகள், அமுக்கி, எஞ்சின் கணினி ஆகியவற்றுடன் பிணைக்கும் கம்பிகளும் இணைப்பிகளும் ஆகும். முகப்புப் பலகையின் நடுவில் திருகுகளோடும் பொத்தான்களோடும் காணப்படும் பெட்டியே கட்டுப்பாட்டகம். இதன் பின்புறத்தில் செருகப்படும் இணைப்பி தமிழகப் பட்டறைகளில் "கப்ளர்" என்றும், கம்பிக் கற்றை முழுவதும் "வயரிங்" என்றும் வழங்கப்படுகின்றன.

கடலூர், சிதம்பரம் போன்ற கடலோர ஊர்களில் இம்மின்னிணைப்புகள் தனிக் கவனத்துக்கு உரியவை. உப்புக் காற்றும் வடகிழக்குப் பருவமழை வெள்ளமும் செம்புக் கம்பிகளையும் இணைப்பி ஊசிகளையும் அரிக்கின்றன. வளிப்பதனி குளிர்விக்கவில்லை என்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் குளிர்பதன வளிமம் குறைந்திருப்பதே காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் வளிமம் நிறைந்திருந்தும் ஒரு புவியிணைப்பு துருப்பிடித்ததாலோ ஓர் உணரிக் கம்பி அரிக்கப்பட்டதாலோ அமுக்கி ஓடாமல் நிற்பதுண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிய மின்னிணைப்புகளின் அமைப்பை அறிந்திருத்தல் வேண்டும்.

வரலாறு

தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட வளிப்பதனியுடன் விற்பனைக்கு வந்த முதல் மகிழுந்து அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனத்துடையது. இது 1939ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமானது. அவ்வண்டியில் அமுக்கியைப் பிரிக்கும் கிளட்ச் இல்லை. குளிர் வேண்டாத காலத்தில் எஞ்சினை நிறுத்திப் பட்டையைக் கையால் கழற்ற வேண்டியிருந்தது. பின்னர் மின்காந்தக் கிளட்ச் வந்ததும்தான் ஒரு பொத்தானால் அமுக்கியை இயக்கவும் நிறுத்தவும் முடிந்தது. விரும்பிய வெப்பநிலையைக் குறித்துவிட்டால் தானே அதை நிலைநிறுத்தும் தானியங்கி முறையைக் காடிலாக் நிறுவனம் 1964ஆம் ஆண்டு மாதிரியில் வழங்கியது.

இந்தியச் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடர் மகிழுந்துகளில் வளிப்பதனி பெரும்பாலும் வண்டி வாங்கிய பின்னர் வெளிப் பட்டறையில் பொருத்தப்பட்டது. முகப்புப் பலகைக்குக் கீழே தொங்கும் பெட்டி, அதில் ஒரு விசிறித் திருகு, ஒரு குளிர்த் திருகு, நான்கைந்து கம்பிகள், இவ்வளவே அதன் அமைப்பு. 1983 திசம்பரில் வெளிவந்த மாருதி 800, 1998இல் வெளிவந்த சான்ட்ரோ ஆகிய வண்டிகளின் காலத்தில் வளிப்பதனி தொழிற்சாலையிலேயே வண்டியுடன் இணைந்தது. சான்ட்ரோ, திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் உற்பத்தியானது. இந்திய மகிழுந்துகளுக்கு வளிப்பதன அமைப்புகளைச் செய்யும் சுப்ரோசு நிறுவனம், சப்பானின் டென்சோ, சுசுக்கி ஆகியவற்றின் கூட்டுடன் 1985இல் தொடங்கப்பட்டது. இன்றைய தானியங்கிக் கட்டுப்பாட்டகத்தின் பின்புறத்தில் 20 முதல் 40 வரை ஊசிகள் காணப்படுவது வழக்கம்.

மின்வழங்கல் இணைப்புகள்

கட்டுப்பாட்டகத்துக்கு மூன்று வகை மின்வழங்கல் வேண்டும். முதலாவது, மின்கலத்திலிருந்து எப்போதும் வரும் 12 வோல்ட். இது கடைசியாகக் குறித்த வெப்பநிலை, மடல்களின் நிலை, பிழைக் குறிகள் ஆகியவற்றை நினைவில் வைத்திருக்கிறது. இரண்டாவது, சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் மின்வழங்கல். எஞ்சினைத் துவக்கும் வேளையில் இது பல வண்டிகளில் நின்றுவிடும். துவக்கிக்கு முழு மின்னோட்டமும் கிடைப்பதற்காக அவ்வாறு அமைத்துள்ளனர். மூன்றாவது, முகப்பு விளக்கு எரியும்போது பொத்தான்களின் பின்னொளிக்கு வரும் இணைப்பு.

செருமானியத் தரமான டின் 72552, இக்கம்பிகளுக்கு எண்கள் வகுத்துள்ளது. அதன்படி 30 என்பது நிலையான மின்வழங்கல், 15 என்பது சாவி வழியாக வருவது, 31 என்பது புவியிணைப்பு, 58 என்பது விளக்குச் சுற்று. ரிலேக்களின் அடியில் காணப்படும் 30, 85, 86, 87 ஆகிய எண்களும் இத்தரத்தைச் சேர்ந்தவையே. 85, 86 ஆகியவை சுருளின் இரு முனைகள். 30இல் வரும் மின்னோட்டம் சுருள் இயங்கும்போது 87 வழியே வெளியேறும். கம்பிகளின் நிறத்துக்கு இவ்வாறான பொதுத் தரம் எல்லா நிறுவனங்களுக்கும் இல்லை. சப்பானிய வண்டிகளில் கருப்பு பெரும்பாலும் புவியிணைப்பாக இருக்க, செருமானிய வண்டிகளில் பழுப்பு அவ்வாறு இருக்கும். ஆகவே நிறத்தை நம்பி இணைப்பது தவறு. அந்தந்த வண்டியின் மின்சுற்று வரைபடமே ஏற்கத்தக்கது.

நிலையான மின்வழங்கலும் சாவி வழி மின்வழங்கலும் இடம் மாறிவிட்டால் வண்டி இயங்கும், வளிப்பதனியும் இயங்கும். ஆனால் ஒவ்வொரு முறை சாவியை எடுக்கும்போதும் குறித்த வெப்பநிலை மறந்துபோகும். கட்டுப்பாட்டகம் உறங்காமல் மின்கலத்தை உறிஞ்சும். நிறுத்தி வைத்த வண்டியில் உறிஞ்சப்படும் மின்னோட்டம் பொதுவாக 50 மில்லிஆம்பியருக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். அது 100 மில்லிஆம்பியர் ஆனால் நாளொன்றுக்கு 2.4 ஆம்பியர்-மணி செலவாகும். சிறு மகிழுந்தின் 35 ஆம்பியர்-மணி மின்கலம் இரண்டு வாரத்தில் முற்றிலும் தீர்ந்துவிடும்; எஞ்சினைத் துவக்கும் திறனை அதற்கும் முன்பே இழந்துவிடும். புதிய இசைப்பெட்டியோ தொடுதிரையோ பொருத்தும்போது கட்டுப்பாட்டகத்தின் கம்பியைச் சுரண்டி அதிலிருந்தே மின்சாரம் எடுப்பதால் இக்குறை பெரிதும் நேர்கிறது.

ஊதுவிசிறிச் சுற்று

உள்ளறை மின்னிணைப்புகளில் மிகுந்த மின்னோட்டம் செல்வது ஊதுவிசிறிச் சுற்றிலேயே. முழு வேகத்தில் இவ்விசிறி 15 முதல் 25 ஆம்பியர் வரை எடுக்கும். இத்தனை மின்னோட்டம் கட்டுப்பாட்டகத்தின் வழியே செல்வதில்லை. கட்டுப்பாட்டகம் ஒரு ரிலேயை மட்டும் இயக்குகிறது. ரிலேச் சுருளுக்கு 0.15 ஆம்பியர் அளவே போதும்.

கையால் திருகும் எளிய வண்டிகளில் வேகம் மாற்றுவதற்குத் தொடரிணைப்பில் மின்தடைச் சுருள்கள் உள்ளன. குறைந்த வேகத்தில் எல்லாச் சுருள்களும் விசிறியோடு தொடரில் நிற்கும். உச்ச வேகத்தில் இவை விலக்கப்பட்டு மின்னோட்டம் நேரே செல்லும். இச்சுருள்கள் சூடாவதால் விசிறியின் காற்றோட்டத்திலேயே வைக்கப்பட்டு, ஒரு வெப்ப உருகியும் இணைக்கப்பட்டிருக்கும். காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டால் காற்றோட்டம் குறைந்து வெப்ப உருகி அறுந்துபோகும். "கடைசி வேகத்தில் மட்டும் விசிறி ஓடுகிறது" என்னும் குறைபாட்டுக்கு இதுவே பெரும்பாலும் காரணம். புதிய மின்தடையை மட்டும் மாற்றி, அடைபட்ட வடிகட்டியை விட்டுவைத்தால் அதுவும் சில மாதங்களில் அறுந்துபோகும்.

தானியங்கி வண்டிகளில் மின்தடைகளுக்கு மாற்றாகத் திறன் திரிதடையம் பயன்படுகிறது. கட்டுப்பாட்டகத்திலிருந்து ஒரு மெல்லிய கம்பி இதற்குக் கட்டளை மின்னழுத்தத்தைக் கொண்டுசெல்கிறது. மற்றொரு மெல்லிய கம்பி விசிறியில் உள்ளபடி இருக்கும் மின்னழுத்தத்தைத் திரும்ப அறிவிக்கிறது. திரிதடையம் மிகுதியாகச் சூடாவது உச்ச வேகத்தில் அன்று, நடு வேகத்தில்தான். விசிறிக்குப் பாதி மின்னழுத்தம் சென்றால் மீதிப் பாதி திரிதடையத்தில் வெப்பமாகிறது. 6.5 வோல்ட், 9 ஆம்பியர் என்று கொண்டால் அது 58 வாட்டுக்கு மேல் ஆகும். துடிப்பகல முறையில் இயங்கும் அமைப்புகளில் இந்த இழப்பு வெகுவாகக் குறைகிறது.

கம்பியின் தடிமன் இச்சுற்றில் முதன்மை பெறுகிறது. செம்பின் தன்தடை மீட்டருக்கு 0.0172 ஓம்-ச.மி.மீ. ஆகும். போகவும் வரவும் சேர்த்து 3 மீட்டர் நீளமுள்ள 2.5 ச.மி.மீ. கம்பியில் 20 ஆம்பியர் சென்றால் 0.4 வோல்ட் இழப்பு ஏற்படும். அதே இடத்தில் 1 ச.மி.மீ. கம்பியைப் பயன்படுத்தினால் இழப்பு 1 வோல்ட்டுக்கு மேல் ஆகும். கம்பி 20 வாட் வெப்பத்தை உமிழும். முகப்புப் பலகைக்குள் நெகிழி உறைகளுக்கும் பஞ்சுக்கும் இடையே கட்டுண்டு கிடக்கும் கற்றையில் இது தீ விபத்துக்கு வழிகோலக்கூடியது. அறுந்த உருகிக்கு மாற்றாகக் கம்பி இழையையோ சிகரெட் உறையின் தகட்டையோ செருகும் வழக்கம் சில இடங்களில் இன்னும் காணப்படுகிறது. உருகி காப்பது விசிறியை மட்டும் அன்று. அதன் முதற்பணி கம்பியைக் காத்தல் ஆகும்.

உணரி இணைப்புகள்

தானியங்கி முறைக்குக் குறைந்தது நான்கு உணரிகள் தேவை. ஆவியாக்கி உணரி, உள்ளறை வெப்ப உணரி, வெளிக்காற்று உணரி, கதிரொளி உணரி என்பன அவை. ஆவியாக்கியைப் பட்டறைகளில் "கூலிங் காயில்" என்பர். கதிரொளி உணரி ஓர் ஒளி இருமுனையம். முகப்புப் பலகையின் மேற்புறத்தில், கண்ணாடிக்கு அருகே சிறு குமிழாகக் காணப்படும். அதன்மேல் துணியோ கடவுள் படமோ வைத்தால் உச்சி வெயிலிலும் கட்டுப்பாட்டகம் நிழல் என்றே எண்ணும்.

வெப்ப உணரிகள் பெரும்பாலும் எதிர் வெப்பக்கெழு கொண்ட மின்தடைகள். வெப்பம் குறையக் குறைய இவற்றின் தடை கூடும். ஒவ்வோர் உணரிக்கும் இரு கம்பிகள். ஒன்றில் கட்டுப்பாட்டகம் தனக்குள் உள்ள ஒரு மின்தடை வழியாக 5 வோல்ட் அனுப்புகிறது. மற்றொன்று உணரிகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட புவியிணைப்பு. உணரியின் தடைக்கு ஏற்ப மாறும் மின்னழுத்தத்தைக் கட்டுப்பாட்டகம் வெப்பநிலையாகப் படித்துக்கொள்கிறது.

அரிப்பு இங்கே எவ்வாறு ஏமாற்றுகிறது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். 25 பாகை செல்சியசில் 2 கிலோஓம் தடையுள்ள ஓர் உணரி 10 பாகையில் ஏறத்தாழ 3.7 கிலோஓமும் 3 பாகையில் ஏறத்தாழ 5.1 கிலோஓமும் காட்டும் எனக் கொள்வோம். இணைப்பி ஊசியில் படிந்த களிம்பு 1.4 கிலோஓம் தடையைத் தொடரில் சேர்த்தால், ஆவியாக்கி 10 பாகையில் இருக்கும்போதே கட்டுப்பாட்டகம் அதை 3 பாகை எனப் படிக்கும். ஆவியாக்கியில் பனிக்கட்டி உறையாமல் காப்பதற்காக அமுக்கியை நிறுத்திவிடும். வண்டியில் உள்ளவருக்குக் குளிர் போதவில்லை. வளிமமோ நிறைவாக உள்ளது.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. இணைப்பிக்குள் உப்பு நீர் புகுந்து இரு ஊசிகளுக்கும் இடையே 14 கிலோஓம் அளவில் ஒரு கசிவுப் பாதையை உண்டாக்கினால், அது உணரிக்கு இணையாக நின்று மொத்தத் தடையைக் குறைக்கும். 3 பாகையில் உள்ள ஆவியாக்கி இப்போது 10 பாகையாகத் தோன்றும். அமுக்கி நிற்காமல் ஓடும். ஆவியாக்கியின் மேல் பனி உறைந்து காற்று வழி அடைபடும். அரை மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றே வராமல் போகும் வண்டிகளில் இதை ஐயுறலாம். கடலூரிலிருந்து சிதம்பரம் வரையிலான ஏறத்தாழ 45 கி.மீ. பயணத்தில் பரங்கிப்பேட்டை பிரிவுச் சாலை வருவதற்குள் இக்குறை வெளிப்பட்டுவிடும். பட்டறை வாசலில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் வெளிப்படாது.

வெளிக்காற்று உணரி முன்புறத் தாங்கிக்குப் பின்னே, சாலையின் நீரும் சேறும் தெறிக்கும் இடத்தில் உள்ளது. எனவே முதலில் அரிக்கப்படுவது பெரும்பாலும் இதன் இணைப்பியே. கம்பி முற்றிலும் அறுந்தால் கட்டுப்பாட்டகம் சுழிக்கும் மிகக் கீழான வெப்பநிலையைக் காணும். வெளியே உறைபனி என்று கருதி அமுக்கியை இயக்க மறுக்கும் வண்டிகள் உள்ளன. வெப்பநிலை சுழிக்கு அருகிலும் செல்லாத கடலோரத் தமிழகத்தில், திரையில் எதிர்க்குறியுடன் ஓர் எண் தோன்றினால் கம்பி அறுந்தது என்று உடனே கொள்ளலாம்.

மடல் மின்னோடிகள்

குளிர்காற்றும் வெப்பக்காற்றும் கலக்கும் அளவு, காற்று முகத்துக்கோ காலுக்கோ கண்ணாடிக்கோ செல்லும் வழி, வெளிக்காற்றோ உட்காற்றோ என்னும் தேர்வு ஆகியவற்றை மடல்கள் முடிவு செய்கின்றன. ஒவ்வொரு மடலுக்கும் ஒரு சிறு மின்னோடி உண்டு. வழக்கமான அமைப்பில் ஐந்து கம்பிகள். இரண்டு மின்னோடிக்கு, திசை மாற்ற இவற்றின் முனைகள் மாற்றப்படும். மற்ற மூன்றும் மடலின் நிலையைத் தெரிவிக்கும் நழுவு மின்தடைக்கு. 5 வோல்ட், புவியிணைப்பு, இடையில் நிலைக் குறிகை. மின்கலத்தைக் கழற்றி மாட்டிய பின்னர்ச் சில வண்டிகளில் மடல்கள் இரு எல்லைகளுக்கும் சென்று திரும்பும்போது எழும் "டக் டக்" ஒலி பழுதன்று. கட்டுப்பாட்டகம் எல்லைகளைப் புதிதாகக் கற்றுக்கொள்கிறது.

அமுக்கிச் சுற்று

வளிப்பதனிப் பொத்தானை அழுத்தினால் அமுக்கி உடனே ஓடுவதாகத் தோன்றினாலும், இடையில் நீண்ட சங்கிலி உள்ளது. கட்டுப்பாட்டகம் எஞ்சின் கணினியிடம் அமுக்கியை இயக்குமாறு வேண்டுகோள் மட்டுமே விடுக்கிறது. எஞ்சின் கணினி, எஞ்சினின் சூடு, முடுக்கியின் அழுத்தம், குளிர்பதன வளிமத்தின் அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்த பிறகே அமுக்கி ரிலேயை இயக்குகிறது. ரிலேயிலிருந்து செல்லும் மின்னோட்டம் மின்காந்தக் கிளட்ச்சை இழுத்துப் பிடிக்கிறது. கிளட்ச் சுருளின் தடை 3 முதல் 4 ஓம் வரை. எடுக்கும் மின்னோட்டம் 3 முதல் 4 ஆம்பியர் வரை.

வளிமக் குழாயில் உள்ள அழுத்த ஆளி ஒரு காவலன். அழுத்தம் ஏறத்தாழ 2 கி.கி./ச.செ.மீ.க்குக் கீழே இறங்கினால், அதாவது வளிமம் கசிந்துவிட்டால், சுற்றைத் துண்டிக்கும். ஏறத்தாழ 32 கி.கி./ச.செ.மீ.க்கு மேல் ஏறினாலும் துண்டிக்கும். 15 அளவில் முன்விசிறியை வேகப்படுத்தும் மூன்றாவது தொடர்பும் பல வண்டிகளில் உண்டு. இந்த ஆளியைக் கம்பியால் இணைத்து "நேரடியாக" ஓட்டுவது சோதனைக்காகச் சில நொடிகள் மட்டுமே செய்யத்தக்கது. வளிமம் இல்லாத அமுக்கிக்குள் எண்ணெய் சுழலாது. ஆளியை விலக்கி ஓட்டிய அமுக்கி இறுகிப்போனால், சில நூறு உரூபாயில் முடிய வேண்டிய பழுது பல ஆயிரம் உரூபாய்க்கு வளரும்.

கிளட்ச் சுருளுக்குக் குறுக்கே ஓர் இருமுனையம் இணைக்கப்பட்டிருக்கும். சுருளில் மின்னோட்டம் திடீரென நிற்கும்போது எழும் எதிர் மின்னழுத்தம் நூறு வோல்ட்டுக்கு மேலும் போகக்கூடும். இருமுனையம் அதைச் சுருளுக்குள்ளேயே சுழன்று தணியச் செய்கிறது. கிளட்ச் மாற்றும்போது இருமுனையம் இல்லாத சுருளைப் பொருத்தினாலோ இரு முனைகளை மாற்றி இணைத்தாலோ ரிலேத் தொடர்புகள் தீய்ந்துவிடும், அல்லது உருகி உடனே அறுந்துபோகும்.

தரவுத் தடம்

செருமனியின் போசு நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய கான் தடம் பிற்கால வண்டிகளில் பல கம்பிகளின் வேலையை இரண்டு முறுக்கிய கம்பிகளில் அடக்கிவிட்டது. எஞ்சின் சூடு, வண்டி வேகம், அமுக்கி வேண்டுகோள் ஆகியவை இதன் வழியே எண்முறைச் செய்திகளாகச் செல்கின்றன. தடத்தின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடைகள் உள்ளதால், மின்கலத்தைக் கழற்றிவிட்டு இரு கம்பிகளுக்கும் இடையே அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை துண்டிக்கப்பட்டுள்ளது. சோதனை விளக்கைக் கொண்டு இக்கம்பிகளைத் தொடுதல் கூடாது. விளக்கு எடுக்கும் மின்னோட்டம் 5 வோல்ட் சுற்றுகளைத் தாங்க முடியாத அளவுக்கு இழுத்துவிடும். உயர் உள்ளீட்டுத் தடை கொண்ட எண்முறை மல்டிமீட்டரே உகந்தது.

புவியிணைப்பு

வண்டியின் உடலே எல்லாச் சுற்றுகளுக்கும் பொதுவான திரும்பு வழி. உடலில் திருகப்பட்ட வளையத்தின் அடியில் துரு ஏறி 0.1 ஓம் தடை உண்டானாலும், 18 ஆம்பியர் செல்லும் ஊதுவிசிறிச் சுற்றில் 1.8 வோல்ட் இழப்பும் 32 வாட் வெப்பமும் அவ்விடத்தில் ஏற்படும். மல்டிமீட்டரின் ஓம் அளவையில் 0.1 ஓம் தெளிவாகத் தெரியாது. அளவுகோல் கம்பிகளின் தடையே அவ்வளவு இருக்கும். எனவே விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, புவியிணைப்புத் திருகுக்கும் மின்கலத்தின் எதிர்முனைக்கும் இடையே வோல்ட் அளப்பதே சரியான முறை.

உணரிகளின் புவியிணைப்பை விசிறியின் புவியிணைப்போடு சேர்க்கலாகாது என்பதற்கும் இதுவே காரணம். பொதுக் கம்பியில் 0.05 ஓம் இருந்தால் விசிறி ஓடும்போது 0.9 வோல்ட் எழும். 5 வோல்ட்டை அளவுகோலாகக் கொண்ட உணரிக்கு இது பெரும் பிழை. விசிறி வேகத்தைக் கூட்டினால் திரையில் வெப்பநிலை மாறுகிறது என்னும் விந்தையான குறை, பழுது பார்த்த எவரோ இரு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டதால் வந்திருக்கும்.

கடலூர், சிதம்பரம் பகுதியில் அரிப்பும் வெள்ளமும்

கடலூர் மாவட்டம் வங்கக் கடலை ஒட்டியது. தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு ஆகிய ஆறுகள் இங்குக் கடலில் கலக்கின்றன. தெற்கெல்லையில் கொள்ளிடம் ஓடுகிறது. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலை, 2011 திசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், 2015 நவம்பர், திசம்பர் வெள்ளம், 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயலைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் என இம்மாவட்டம் அடுத்தடுத்துத் தாக்குண்டது. இத்தகைய வேளைகளில் தெருவில் நின்ற ஊர்திகளில் நீர் புகுவது இயல்பு.

ஊதுவிசிறியும் அதன் திரிதடையமும் இடப்புற இருக்கையின் கால்வைப்பிடத்துக்கு அருகே, தாழ்வாக அமைந்தவை. எனவே முழங்கால் அளவு நீரிலேயே இவை நனைந்துவிடும். கட்டுப்பாட்டகம் உயரத்தில் இருப்பதால் தப்பினாலும், தரைவிரிப்பின் அடியில் செல்லும் கம்பிக் கற்றையின் இணைப்பிகள் தப்புவதில்லை.

நீரின் தன்மை முதன்மையானது. கடல்நீரின் மின்கடத்துமை மழை வெள்ளத்தைவிட நூறு மடங்கு அல்லது அதற்கும் மேல். கடலூர் முதுநகர் துறைமுகப் பகுதி, பிச்சாவரம், பரங்கிப்பேட்டை ஆகிய கழிமுகங்களில் வெள்ளநீரோடு உப்பு நீரும் கலந்தே வரும். மின்கலம் இணைந்திருக்கும் நிலையில் இந்நீர் இணைப்பிக்குள் இருந்தால் மின்னாற்பகுப்பு நிகழும். எப்போதும் 12 வோல்ட் இருக்கும் ஊசி நேர்முனையாகிக் கரையத் தொடங்கும். 1 மில்லிஆம்பியர் கசிவு முழுவதும் செம்பைக் கரைப்பதாகக் கொண்டால், ஒரு நாளில் ஏறத்தாழ 28 மில்லிகிராம் செம்பு போய்விடும். 0.5 ச.மி.மீ. கம்பியின் 1 செ.மீ. நீளத்தில் இருப்பதே 45 மில்லிகிராம்தான். கசிவு 10 மில்லிஆம்பியர் ஆனால் கம்பி சில மணி நேரத்தில் அறுந்துவிடும். ஆகவே நீர் வடியும் முன்னரே, எட்டக்கூடிய நிலையில் இருந்தால், மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றிவிடுதல் வண்டியைக் காக்கும் முதற்செயல். "ஓடுகிறதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்புதல் மிகக் கேடானது. எஞ்சின் உருளைக்குள் நீர் புகுந்திருந்தால் எஞ்சினும் சேர்ந்து உடையும்.

உப்பு நீரில் நனைந்த இணைப்பிகளை முதலில் நன்னீரால் கழுவ வேண்டும். காயவிட்டால் உப்பு அங்கேயே படிகமாகத் தங்கி, காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பிறகு உலர்த்தி, மின்தொடர்புத் தூய்மிப்பியைத் தெளித்து, மின்காப்புக் களிம்பு மெல்லியதாகப் பூசலாம். பித்தளைப் பாத்திரத்தின் பச்சைக் களிம்பைப் புளியிட்டுத் துலக்கும் வீட்டு வழக்கத்தை நினைத்துச் சிலர் ஊசிகளையும் புளியாலோ எலுமிச்சையாலோ தேய்ப்பதுண்டு. பாத்திரத்தைப் போல இவற்றை முற்றக் கழுவ இயலாது; எஞ்சிய அமிலம் மெல்லிய வெள்ளீயப் பூச்சைத் தின்று, அரிப்பை விரைவுபடுத்தும்.

கண்ணுக்குத் தெரியாத கேடு ஒன்று உண்டு. பல இழைகள் கொண்ட கம்பியின் முனை நீரில் நனைந்தால், நுண்புழை விளைவால் நீர் காப்புறைக்குள்ளேயே ஏறிச் செல்லும். இணைப்பி தூய்மையாகத் தோன்ற, அதற்கு ஒரு சாண் தள்ளி உறைக்குள் செம்பு கருத்துப் பொடியாகியிருக்கும். உறையை விரலால் மடக்கிப் பார்த்தால் அவ்விடம் உயிரற்று வளையும். இத்தகைய கம்பியை நல்ல செம்பு தோன்றும் வரை வெட்டி, அதே தடிமனுள்ள புதுக் கம்பியை நெரித்திணைத்து, பசையுள்ள வெப்பச் சுருங்கு குழாயால் மூடுதல் வேண்டும். வெறுமனே முறுக்கி ஒட்டு நாடா சுற்றுவது அடுத்த மழைவரை தாங்கும்.

மழைக்காலத்தில் வயல்களிலிருந்து வெளியேறும் எலிகள் எஞ்சின் அறைக்குள் புகுந்து கம்பிகளைக் கடிப்பதும் இந்நெல் விளையும் பகுதியில் வழக்கமான இடர்.

பழுது காணும் முறையும் எச்சரிக்கையும்

அமுக்கி ஓடவில்லையெனில், வளிமம் நிரப்புவதற்கு முன்னரே அதன் அழுத்தத்தை அளந்து பார்ப்பது முறை. அழுத்தம் சரியாக இருந்தால் உருகி, ரிலே, கிளட்ச் முனையில் வரும் மின்னழுத்தம், கிளட்ச்சின் புவியிணைப்பு என்று வெளிமுனையிலிருந்து உள்நோக்கி வருவது எளிது. கிளட்ச் முனையில் 12 வோல்ட் இருந்தும் அது இழுக்கவில்லையென்றால் குறை கிளட்ச்சிலோ புவியிணைப்பிலோ உள்ளது. கட்டுப்பாட்டகத்தைக் கழற்ற வேண்டியதில்லை. ரிலேச் சுருளுக்கே கட்டளை வரவில்லையென்றால்தான் உணரிகளையும் எஞ்சின் கணினியையும் ஆராய வேண்டும். பல வண்டிகளில் குறிப்பிட்ட இரு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் கட்டுப்பாட்டகமே தன் பிழைக் குறிகளைத் திரையில் காட்டும். எந்தப் பொத்தான்கள் என்பது வண்டிக்கு வண்டி மாறும்.

தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் ஊர்திப் பிரிவும் குளிர்பதனப் பிரிவும் தனித்தனித் தொழிற்பிரிவுகளாகக் கற்பிக்கப்படுகின்றன. தானுந்து வளிப்பதனியின் மின்னிணைப்பு இவ்விரண்டுக்கும் இடையே விழுகிறது. வளிமம் நிரப்புபவர் கம்பியைத் தொடத் தயங்குவதும், மின்பணியாளர் வளிமக் குழாயைத் தொடத் தயங்குவதும் இதனால்தான். வாடகை ஊர்தி ஓட்டுநர் இருவருக்கும் கூலி கொடுத்துவிட்டுக் குளிரின்றித் திரும்ப நேர்வதும் இவ்விடைவெளியால் வருவதே.

முகப்புப் பலகையைக் கழற்றும்போது மஞ்சள் உறையிட்ட கம்பிகளையும் மஞ்சள் இணைப்பிகளையும் தொடலாகாது. அவை காற்றுப்பைக்கு உரியவை. மின்கலத்தைக் கழற்றிச் சில நிமிடங்கள் காத்திருந்த பின்னரே பணியைத் தொடங்க வேண்டும். மின்னாற்றலில் ஓடும் மகிழுந்துகளில் அமுக்கியே உயர் மின்னழுத்தத்தில் இயங்குகிறது. ஆரஞ்சு நிற உறையிட்ட அக்கம்பிகளில் 300 வோல்ட்டும் அதற்கு மேலும் இருக்கும். பயிற்சி பெறாதவர் அவற்றைத் தொடுதல் உயிருக்கு இடர்.

சரக்குந்துகளில்

2023 திசம்பரில் இந்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி, 2025 அக்டோபர் 1 முதல் உற்பத்தியாகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்குந்துகளின் ஓட்டுநர் அறைக்கு வளிப்பதனி கட்டாயமாகும். கனரக வண்டிகள் பெரும்பாலும் 24 வோல்ட்டில் இயங்குபவை. மகிழுந்துக்குரிய 12 வோல்ட் ரிலேயோ விசிறியோ அவற்றில் பொருந்தாது. அதே திறனுக்கு மின்னோட்டம் பாதியாவதால் கம்பியின் இழப்பு குறைகிறது. ஆயினும் அதிர்வும் நெடுஞ்சாலைப் புழுதியும் இணைப்பிகளுக்கு மிகுதி.